சோகை வியாதியும் அதற்குரிய மருந்துகளும்

நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் ஸ்திரீகளில் சிலர் முற்பகலிலேயே களைத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவதை அங்கத்தினர்கள் பார்த்திருக்கலாம். ஒரு குடம் தண்ணீருடன் மேடேறினால் அவர்களுக்கு மூச்சு வாங்கும்; நெஞ்சு படபடக்கும்; எழுந்து நிற்கையில் கண் இருட்டும். இத்தகையோரைச் சோம்பேறிகள் என்று சொல்லி அடுத்த நாள் வேலைக்கு அழையாது விடுவதும், வீட்டில் மாமியார் கடிந்துகொள்வதும் வழக்கமாயிருக்கின்றன. அவர்களுடைய கீழ் இமையைச் சற்றே இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் அவ்வாறே. சிலர் ஒருவரும் அறியாமல் மண்ணையோ, சாம்பலையோ, பச்சரிசியையோ தின்பதுண்டு. இது குணத்தின் குற்றமன்று, இரத்தத்தின் குறை. சித்த வைத்தியர்கள் பாண்டு என்றும், ஜனங்கள் சோகை என்றும் இதனைக் கூறுவர்.

இது அரிய வியாதியுமன்று. 2019-21-ஆம் வருஷங்களில் இந்தியா முழுவதும் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் 100-க்கு 57 பேருக்குச் சோகை உள்ளதாகக் காணப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்விகிதம் 100-க்கு 53-க்குச் சற்று மேல். ஆகவே ஒரு சங்கத்தில் 200 குடும்பங்கள் சேர்ந்திருந்தால், சோகையுள்ள ஒருவரேனும் இல்லாத வீடுகள் சிலவாகவே இருக்கும்.

இரத்தம் சிவந்திருப்பதற்குக் காரணம் ஹீமோகுளோபின் என்னும் பொருள். மூச்சில் வாங்கிய பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அது இரும்பின்றி உண்டாகாது. வளர்ந்த ஒருவருடைய தேகத்திலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராமுக்கு மேல் தேறாது. ஒரு சிறு ஆணிக்குப் போதுமானதே. இவ்வளவு சொற்பமான முதலைக் கொண்டு உடல் நடத்தும் வரவுசெலவு, கணக்கு எழுதிப் பழகிய அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் எடுத்து, புதிய அணுவுக்குக் கொடுக்கிறது. இப்படியே முதல் சுழன்றுகொண்டிருப்பதால், நாள்தோறும் வெளியேறும் நஷ்டம் 1 மில்லிகிராம் அளவே. உணவிலிருந்து கிடைக்கும் வரவும் 1 அல்லது 2 மில்லிகிராமே. இது தவிர ஈரல் முதலிய இடங்களில் கையிருப்பு உண்டு. ஆணுக்கு அது 1000 மில்லிகிராம் வரையில் இருக்கலாம். பெண்ணுக்கு 300 இருந்தால் நல்லதே, பலருக்கு ஒன்றுமேயில்லை.

வரவு இவ்வளவு குறுகியதாயிருக்கும்போது செலவு சற்று மிஞ்சினாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். மாதந்தோறும் ஸ்திரீகளுக்கு உண்டாகும் உதிரப்போக்கு முதற்செலவு. 1 மில்லிலிட்டர் இரத்தம் போனால் அதனுடன் அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. இரண்டாவது, யாவற்றிலும் பெரிய செலவு, கர்ப்பம். சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300 மில்லிகிராம், தாயின் உடலில் பெருகும் இரத்தத்துக்கு 500, அன்றாட நஷ்டத்துக்கு 200, ஆக ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் தேவைப்படுகிறது. கையிருப்பு இல்லாதவள் இதை எங்கிருந்து கொடுப்பாள்? சிசு தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடும். பற்று முழுவதும் தாயின் பேரில் விழும். பிரசவத்தின்போது உண்டாகும் உதிரப்போக்கைத் திடகாத்திரமுள்ள ஸ்திரீ தாங்கிக்கொள்கிறாள். அதே அளவு உதிரம் சோகையுள்ளவளின் உயிரைக் கொண்டுபோய்விடுகிறது. சோகையை இலேசாக எண்ணக்கூடாது என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

இக்குறைக்கு மருந்து இரும்புதான் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியன்று. நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறக் கட்டியாக விற்கும் அன்னபேதியைப் புடம்போட்டுச் செந்தூரமாக்கிப் பாண்டு நோய்க்குக் கொடுப்பது சித்த வைத்தியத்தில் நெடுங்காலமாக உள்ள முறை. இங்கிலாந்தில் சைடன்ஹாம் என்ற வைத்தியர் 1681-ல் இரும்புத்தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்து, வெளிறிய இளம்பெண்களுக்குக் கொடுக்கச் சொன்னார். பிரான்ஸ் தேசத்து பிளோ என்பவர் 1832-ல் இரும்பு உப்பை மாத்திரையாக உருட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளில் இன்று கொடுக்கப்படும் மாத்திரையிலுள்ள பெரஸ் ஸல்பேட் என்பது அன்னபேதியின் சுத்தமான உருவமேயன்றி வேறல்ல. ஆயினும் கடையில் வாங்கிய அன்னபேதியை வீட்டிலேயே பொடித்துத் தின்பது அபாயம். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு இரும்பு உள்ளது என்பது ஒருவருக்கும் தெரியாது. வயிறும் குடலும் புண்ணாகும்.

2018-ல் மத்திய அரசாங்கத்தார் ஏற்படுத்திய சோகை ஒழிப்புத் திட்டத்தின்படி கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், போலிக் அமிலம் என்ற வைட்டமின் 500 மைக்ரோகிராமும் உள்ளன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் காலத்தில் மேலும் 180 நாளும் உட்கொள்ள வேண்டும். ஏன் 180 என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. விழுங்கிய இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. பத்தில் ஒரு பங்கு சேரும் என்று வைத்துக்கொண்டால் மாத்திரை ஒன்றுக்கு 6 மில்லிகிராம். 180 மாத்திரைக்கு 1080. கர்ப்பத்தின் செலவாக மேலே காட்டிய 1000-த்துடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முப்பது மாத்திரையோடு நிறுத்தியவள், தவணையில் ஆறில் ஒரு பங்கு கட்டிவிட்டுக் கடன் தீர்ந்ததென்று எண்ணுபவரைப் போன்றவள்.

பெரும்பாலோர் நிறுத்துவதும் இவ்விடத்திலேதான். கிராம சுகாதார நர்ஸ் மாத்திரையைக் கொடுக்காமலில்லை. கொடுத்த மாத்திரை மாடப்பிறையிலும் அரிசிப் பானையிலும் கிடக்கிறது. காரணங்களைக் கேட்டால் சில உண்மையானவை, சில வெறும் பேச்சு. மாத்திரை தின்றால் குமட்டல், வயிற்று வலி, மலச்சிக்கல் உண்டாகும் என்பது உண்மை. வெறும் வயிற்றில் உட்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் குமட்டலுக்கு அஞ்சி அடியோடு விட்டுவிடுவதைக் காட்டிலும், இரவு ஆகாரத்துக்குப் பின் உட்கொள்வது எவ்வளவோ மேல். மலம் கறுத்துப் போவதும் உண்மை. அது உடலில் சேராத இரும்பின் நிறமேயாதலால் அதனால் தீங்கில்லை. மாத்திரையினால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், வயிற்றில் அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற இரண்டும் வெறும் பேச்சு. குழந்தையின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வருவது. கடும் சோகையுள்ள தாய்க்குக் குழந்தை எடை குறைந்தும் மாதம் நிரம்பாமலும் பிறக்கக்கூடும் என்பதே டாக்டர்கள் அஞ்சும் விஷயம்.

காப்பி, டீ விஷயத்திலும் சிறிது எச்சரிக்கை வேண்டும். இவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தள்ளிவைத்தல் நலம். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யாப்பழம் இவற்றின் புளிப்பும் சத்தும் இரும்பு சேருவதற்கு உதவி செய்யும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை இதனுடன் ஒரே வேளையில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது விட்டு உட்கொள்ள வேண்டும். நல்ல உணவு அவசியமே. ஆயினும் ஆழ்ந்த கடனை உணவு மாத்திரம் தீர்த்துவிடாது. கீரையிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடலில் சேரும். இறைச்சி, மீன் இவற்றிலுள்ளது அதைவிட நன்றாகச் சேரும். பீட்ரூட் கிழங்கு இரத்தத்தைப் போல் சிவந்திருப்பதால் இரத்தம் ஊறும் என்பது கண்ணின் மயக்கமே. 100 கிராம் கிழங்கில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை.

டானிக் புட்டிகளைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நெற்பயிர் அடமானத்தின் பேரில் வாங்கிய கைமாற்றைக் கொண்டு பட்டணத்துக் கடையில் டானிக் வாங்கும் குடும்பங்கள் உண்டு. பளபளப்பான காகிதம் ஒட்டிய புட்டிகள் பலவற்றில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் நிறமுமே. ஒரு வேளைக்கு எவ்வளவு இரும்பு என்பதைப் புட்டியின் மேலேயே படித்துப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகக் கிடைக்கும் மாத்திரையைப் பிறையில் வைத்துவிட்டு, வட்டிக்குப் பணம் வாங்கி அதைக் காட்டிலும் குறைந்த மருந்தை வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

இரும்பு கொடுத்தும் இரத்தம் ஊறவில்லையானால் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராமங்களில் அந்த ஓட்டை பல சமயங்களில் கொக்கிப்புழு. மலத்துடன் வெளியேறிய அதன் முட்டைகள் ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் பொரிந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றன. விரலிடுக்கில் அரிப்புத் தோன்றி மறையும். அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. புழு குடலைச் சேர்ந்து கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கும். தென்னிந்தியாவில் அதிகமாயுள்ள இனத்தில் ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலிட்டரே. ஆனால் 100 புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர். அதிலுள்ள இரும்பு ஒன்றரை மில்லிகிராம். அதில் ஒரு பகுதி குடலிலேயே மறுபடி சேர்ந்தாலும், ஒரு நாள் வரவு ஏறக்குறைய முழுவதும் புழுவுக்கே போய்விடுகிறது என்பது தெளிவு.

முற்காலத்தில் இப்புழுவுக்குத் தைமால் என்ற ஓம உப்பையும், கடுமையான பேதி மருந்தையும் பட்டினியுடன் கொடுத்தனர். 1921-ல் கார்பன் டெட்ராகுளோரைட் என்ற திரவம் பயன்படும் என்று கண்டனர். அது ஈரலைக் கெடுத்தபடியால் பின்னர் கைவிடப்பட்டது. இன்றைக்கு ஆல்பெண்டஸோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று தின்றாலே போதும். ஒரு வயது நிரம்பி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதங்களில் இதைக் கொடுக்கலாகாது. அதன் பின் டாக்டர் சொற்படி கொடுக்கலாம். 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் தேதியைக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் மலங்கழிப்பது நீங்காத ஊரில், சில மாதங்களுக்குள் புழு மறுபடியும் குடிபுகும்.

இதுவரையில் கூறியது இரும்புக் குறையினால் வரும் சோகையைப் பற்றி. இரும்பு போதுமான அளவில் இருந்தும் இரத்த அணுக்கள் சரியாக முதிராமல், எண்ணிக்கையில் குறைந்து, பருத்துப்போகும் சோகை ஒன்று உண்டு. அதன் மருந்து இந்தியாவில் ஆரம்பித்த ஆராய்ச்சியினால் தெரியவந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மாது 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உண்டாகும் கொடிய சோகையை ஆராய்ந்தார். தொற்று வியாதியாயிருக்குமோ என்று முதலில் சோதித்தார்; அல்ல என்று கண்டார். பின்னர் அவர்கள் தின்னும் உணவையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்த கோஷா ஆஸ்பத்திரியிலும் அவ்வேலையை நடத்தினார். மதுபானம் காய்ச்சும் சாலைகளில் மிஞ்சும் ஈஸ்டைக் காய்ச்சி எடுத்த மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்தவுடன் குரங்கு தேறியது. பிறகு ஸ்திரீகளும் தேறினர். இதை அவர் 1931-ல் வெளியிட்டார். சாற்றிலிருந்த சத்து இன்னதென்று அப்போது தெரியாததால் அதற்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வழங்கிற்று.

1941-ல் அமெரிக்காவில் அதே சத்தைப் பசலை இனக் கீரையொன்றிலிருந்து பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-ல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கோதாவரிக் கரைப் பிரதேசத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கர்ப்பிணியின் மாத்திரையில் இரும்போடு கலந்திருக்கும் 500 மைக்ரோகிராம் அதுவே. அவ்வமிலத்தின் வேலையைத் தடுப்பதற்கென்று அவருடைய கூட்டத்தார் செய்த வேறொரு பொருளைக் கொண்டே 1948-ல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் முதன்முறையாகச் சில காலம் தணிக்கப்பட்டது. அவ்வருஷத்திலேயே சுப்பாராவ் காலமானார்.

போலிக் அமிலத்துடன் எப்போதும் சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு வைட்டமின் பி12. 1926-ல் அமெரிக்க டாக்டர்கள் மைனாட், மர்பி என்போர், பிழைக்க வழியில்லை என்று கைவிடப்பட்டிருந்த ஒருவகைச் சோகைக்காரர் 45 பேருக்குத் தினமும் அரை ராத்தல் வரையில் ஈரல் கொடுத்துத் தேற்றினர். இதற்காக விப்பிள் என்பவருடன் சேர்த்து அவர்களுக்கு 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலிலிருந்த சத்து 1948-ல் சிவந்த படிகமாகப் பிரிக்கப்பட்டு பி12 எனப் பெயர் பெற்றது. இது தானியத்திலும் காய்கறியிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலே உண்டு. மரக்கறி உணவுக்காரரில், கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு வீட்டில் மோர்கூட வைத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு இக்குறை வருவதில் ஆச்சரியமில்லை. கால் மரத்துப்போதல், எரிச்சல், நடை தள்ளாடுதல், மறதி ஆகியவை சோகையுடன் தோன்றினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பி12 குறையுள்ளவருக்குப் போலிக் அமிலத்தை மாத்திரம் கொடுத்தால் இரத்தம் ஊறியதுபோல் தோன்றும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டேயிருக்கும். ஆகையால் சோகை என்றவுடன் அண்டை வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கித் தின்பது தகாது.

இரும்பே தீங்காகும் சோகைகளும் உள. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் தலசீமியா வியாதியுள்ள குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால், இரும்பு மிஞ்சி இருதயத்திலும் ஈரலிலும் தங்குகிறது. அதை வெளியேற்றவே மருந்து கொடுக்கிறார்கள். சிவப்பணு அரிவாள் போல் வளையும் வியாதியும் பரம்பரையாக வருவதே. நீலகிரி மலைவாழ் ஜனங்களிடம் அது இருப்பது 1952-ல் வெளியாயிற்று. அவர்களுக்கு உண்டாகும் கடும் வலியை ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து குறைக்கிறது. இரும்பு மாத்திரை ஒரு மாத காலம் தவறாமல் உட்கொண்டும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறாதவர்களை டாக்டர்கள் இப்படிப்பட்ட வியாதிகளுக்காகவும் பரிசோதிப்பர்.

ஹீமோகுளோபின் அளவை 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 என்பவை எல்லைகள். அவற்றுக்குக் கீழ் இறங்கினால் சோகை. கர்ப்பிணிக்கு 7 முதல் 10.9 வரையில் இருந்தால் சாதாரணமாகத் தினம் இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை வயிற்றில் தங்காதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும் இரும்பை நரம்பு வழியாக ஏற்றும் மருந்து உண்டு. அதை ஆஸ்பத்திரியில் டாக்டர் மேற்பார்வையிலேதான் போட வேண்டும். 7-க்குக் கீழ் சென்றவரைத் தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 5-க்குக் கீழ் என்றால் எந்த மாதமாயிருந்தாலும் அங்கேயே தங்கவைத்து இரத்தம் ஏற்றுவது பற்றி முடிவு செய்வார்கள். மாத்திரையினால் அளவு சரியான பிறகும் கையிருப்பு நிரம்புவதற்கு மேலும் மூன்று மாத காலம் உட்கொள்ள வேண்டும். சிவந்த மாத்திரையை மிட்டாயென்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கிய சிறு குழந்தை இறந்துபோகக்கூடும். ஆதலால் அதைப் பிறையிலன்றிப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும்.

பால் பணம் பட்டுவாடா செய்யும் நாளில் அநேகமாக எல்லா அங்கத்தினர் வீட்டிலிருந்தும் ஒருவர் சங்கக் கட்டிடத்துக்கு வருகிறார், பெரும்பாலும் ஸ்திரீகளே. முன்கூட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி, அன்று நர்ஸ் அங்கு வந்து விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்வது காரியதரிசிக்குப் பெரிய சிரமமன்று. அளவையும் தேதியையும் குறித்த சீட்டைப் பாஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிடலாம். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் செல்லும்போது அச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரத்தம் தயாராக வைக்க வேண்டுமா என்று நிச்சயிப்பதற்கு அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.